நெஞ்சுப் படத்தில் தாலி

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லப்படவில்லை. 1936இல், ஜொகூரில், பாலோவுக்கு அருகிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில் நடந்தது இது. அங்கே எக்ஸ்ரே எடுத்துவந்த அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்தவர். பேய் என்று எவரேனும் பேச்செடுத்தாலே எரிந்து விழுபவர்.

ரப்பர் தோட்டத்திலிருந்து பேச்சியம்மாள் வந்திருந்தாள். ஒரு மாத இருமல். சளியில் கிருமி தென்படவில்லை. நெஞ்சுப் படமும் சுத்தமாக இருந்தால் வீடு திரும்பலாம். இல்லையேல் காசநோய் வார்டு. கணவன் அய்யாவுவின் இடுப்பிலிருந்த பெண்குழந்தை அவளிடம் தாவி அழுதது.

படத்தை இருட்டறையில் கழுவியதும் அம்பிகைபாகனுக்குக் கோபம் தலைக்கேறியது. வலது நுரையீரலை மறைத்தபடி, பெரிதாக, மங்கலாக ஒரு தாலி.

“கழட்டச் சொன்னனான் அல்லோ, பிள்ளை?”

“கழட்டிட்டேன் ஐயா. அவருகிட்ட இருக்கு.”

அய்யாவு மடியை அவிழ்த்துக் காட்டினான். தாலி இருந்தது. “மிசினு கெட்டுப்போச்சோ என்னமோ” என்றான்.

“நீ வாயை மூடு.”

மறுபடி எடுத்தார். மறுபடியும் தாலி. இம்முறை சிறிதாக, சற்றுத் தெளிவாக. டாக்டருக்கு என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் உறைத்தது. அவள் படத் தகட்டில் நெஞ்சை அழுத்தி நின்றாள். கழுத்தில் தாலி கிடந்திருந்தால் நிழல் முதலிலேயே கூராக விழுந்திருக்கும். தகட்டைவிட்டு விலகியிருக்கும் பொருளின் நிழல்தான் பெரிதாகி மங்கும்.

அந்தத் தாலி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இப்போது... நெருங்கியிருந்தது.

மூன்றாம் படம்.

“மூச்சை அடக்கு.”

அவள் தோள்கள் அசையவில்லை.

இருமல் கேட்டது.

“ஐயா... பின்னால யாரு?”

எவரும் இல்லை.

அந்தப் படத்தில் தாலி கூராக விழுந்திருந்தது. ஓரம் உடைந்த தாலி. அய்யாவு காட்டியது உடையாதது.

படம் உதவாதென டாக்டர் சீறினார். சளியில் கிருமி இல்லாததால் அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

இரண்டு மாதத்தில் இரத்தம் கக்கிக்கொண்டு வந்தாள். இம்முறை படத்தில் தாலி இல்லை. அது மறைத்திருந்த இடத்தில் ஒரு குழி. நோய் அரித்த குழி.

“ஓரம் உடைஞ்ச தாலி ஆருடையது?” அம்பிகைபாகன் அய்யாவுவிடம் கேட்டார்.



“என் மூத்த தாரத்தோடது ஐயா. இதே இருமல்லதான் போனா. சுமங்கலின்னு தாலியோடவே பொதச்சோம்.”

அய்யாவு தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொடுத்தான்.

“இவளப் பெத்தவ.”

குழந்தை இருமிக்கொண்டிருந்தது.