பாலகோபால் அண்ணன் போட்ட கோடு

பூமிக்கு நடுவில் ஒரு கோடு ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, அதைப் போட்டதே பாலகோபால் அண்ணன்தான். பிளஸ் ஒன்னோடு நான் நின்றுவிட்டதால் அந்தக் கோட்டின் பெயர் மறந்துவிட்டது. ஆனால் அண்ணனின் கை எனக்குத் தெரியும். சந்தேகம் இருப்பவர்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்து அவருடைய தண்ணீர் டிரம்மைப் பார்க்கலாம்.

டிரம்மில் காலையில் ஒரு கோடு, மாலையில் ஒரு கோடு. எண்ணெய் பாட்டிலில் கோடு. கதவு நிலையில், இரண்டு வயது மகள் வர்ஷினியின் உயரத்துக்கு மாதா மாதம் கோடு. சட்டைப் பையில் மார்க்கர் இல்லாமல் அவர் கக்கூசுக்குக்கூடப் போனதில்லை. ஆறு குடும்பம் புழங்கும் இடம், சாமான் மாறிவிடும் என்று தன் பொருள் எல்லாவற்றிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கோடு போட்டு வைப்பார். வாளியில் உண்டு, செருப்பில் உண்டு, துடைப்பக்கட்டையிலும் உண்டு. கேட்டால், "ஒரு கோடு போட்டு வெச்சுட்டா மனசுக்கு நிம்மதிங்க" என்பார்.

வேலை, பம்புசெட் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுவது. தாமிரக் கம்பியைச் சுற்றும்போது உதட்டுக்குள்ளேயே எண்ணுவார். அந்த நேரத்தில் கடை பற்றி எரிந்தாலும் தலையைத்தான் ஆட்டுவார், வாய் திறக்கமாட்டார்.

இப்படி ஒரு மனிதர் பக்கத்து வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்குமா? மாசி மாதம் ஒரு வாரம், தினமும் அவருடைய காலைக் கோட்டை அழித்துவிட்டு நான்கு விரற்கடை மேலே போட்டேன். அண்ணன் டிரம்மைக் கவிழ்த்தார், அடியில் எம்சீல் தடவினார், "ஏனுங்க, என்ற தண்ணி எங்கீங்க போகுது?" என்று வாசல் வாசலாகக் கேட்டார். எட்டாம் நாள் என் விரலில் கறுப்பு மையைப் பார்த்துவிட்டார். "தீபக்கு, உன்ற குசும்ப என்ற கோட்டுல காட்டாத கண்ணு" என்றார். திட்டும்போதும் அவருக்குக் கண்ணு வரும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வர்ஷினியின் வலது இமையில் கடுகளவு கட்டி வந்தது. அவள் அம்மா லோகப்பிரியா அக்கா, தங்கையின் பிரசவத்துக்காக வெள்ளகோவில் போயிருந்தார். நாமக்கட்டியை உரசிப் போடச் சொன்னார்கள் ஒரு வீட்டில். தாய்ப்பால் ஒரு சொட்டு விடச் சொன்னார்கள் இன்னொரு வீட்டில். "செரிங்க, செரிங்க" என்று எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு அண்ணன் எதையும் செய்யவில்லை. சனிக்கிழமை மாலை இமை எலுமிச்சம்பழமாக வீங்கி மூடிக்கொண்டது. சிவப்பு கன்னத்துக்கு இறங்கியது. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டர் சாஜிதா பேகம் குழந்தையைப் பார்த்துவிட்டு, சிவப்பின் ஓரத்தை ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு போட்டாராம். "மருந்து குடுங்க. நாளைக்குள்ள சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா யோசிக்காம தூக்கிட்டு வந்துருங்க. கிருமி கண்ணுக்குப் பின்னால இறங்கிட்டா பார்வைக்கே ஆபத்து."

வேறு யாராக இருந்தாலும் நடுங்கியிருப்பார்கள். அண்ணன் ஓரளவு தெளிந்த முகத்தோடுதான் திரும்பி வந்தார். கோட்டைப் பற்றி அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

"ஏனுங்ணா, பாப்பாவுக்கும் தண்ணி அளவு பாக்கறீங்களா?" என்று கேட்டபடி ஒரு போட்டோ எடுத்தேன். ஒற்றைக் கண் கொள்ளைக்காரி என்று ஸ்டேட்டஸ் வைப்பதற்காக. அந்த ஒற்றைக் கண்ணால் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சிரிக்காதீங்க சாமி, கண்ணு இழுக்கும்" என்று அண்ணன் அவள் வாயைப் பொத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, இமையில் கட்டும் பீளையைத் துடைத்தபடியே இருந்தார். அவளைத் துண்டில் சுற்றி மடியில் இறுக்கிக்கொள்வார். அவள் வீறிடுவாள், உதைப்பாள், சிரப்பில் பாதியை அவர் சட்டையிலேயே துப்புவாள். அவர் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும்.

மணிக்கொரு தரம் வெள்ளகோவிலிலிருந்து போன். "ஏனுங்க, கோட்டுக்குள்ளதான இருக்குது?"

"உள்ளதான் அம்மணி. நூலளவு தாண்டலே."

பகல் பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வர்ஷினியின் வலது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. நேற்று அது கோட்டுக்கு வெளியே இருந்தது. இன்று உள்ளே இருந்தது.

"அண்ணா, கோடு நகந்திருக்குதுங்."

பஞ்சைக் கீழே வைத்தார். "தீபக்கு, இன்னிக்கு வேண்டாம்."

"நெசமாங்ணா. மச்சத்தப் பாருங்."

"டிரம்மோட நிறுத்திக்க. வெளிய போ."

இந்தத் தடவை அவர் வாயில் கண்ணு வரவில்லை. சனிக்கிழமை எடுத்த போட்டோவைத் திறந்து, போனை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினேன். வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். குழந்தையின் கன்னத்தை ஒட்டிப் பிடித்தார். போனைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். எண்ணிக்கொண்டிருந்த உதடு நின்றது.

"நாந்தான் போட்டேன்" என்றார். "தொடைக்கத் தொடைக்கக் கோடு மங்குச்சு. மங்க மங்கப் புதுசாப் போட்டேன். நாலு தடவ."

நான்கு தடவையும் சிவப்பின் ஓரத்தை ஒட்டி, டாக்டர் போட்டது போலவே, கை பிசகாமல் போட்டிருந்தார். சிவப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கோடும் கூடவே இறங்கியிருந்தது. பிறகு எப்படித் தாண்டும்?

பாப்பாவின் நெற்றியைத் தொட்டார். காய்ந்தது.

எங்கள் லைனிலேயே இருக்கும் அப்துல் வஹீது அண்ணன் ஆட்டோவை எடுத்தார். நானும் தொற்றிக்கொண்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒவ்வொரு லாரியையும் வழிவிடச் சொல்லி ஹாரன் அலறியது. பாதி வழியில் போன் அடித்தது. அண்ணன் எடுக்காமல் விட்டுவிடுவார் என்று எண்ணினேன்.

"ஏனுங்க, கோட்டுக்குள்ளதான இருக்குது?"

"கோடே தப்பு அம்மணி. நாந்தான் தப்பாப் போட்டுபோட்டேன். நீ கெளம்பி வா."

பேசி முடித்த பிறகும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவருடைய மடியில் வர்ஷினி அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தாள்.

உடனே படுக்கையில் சேர்த்து, கையில் ஊசி குத்தி, ரத்தத்தில் மருந்து ஏற்றினார்கள். "இன்னும் அரை நாள் போயிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்கவில்லை. அவரே புதுக் கோடு போட்டார். அண்ணன் கட்டில் காலடியில் கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நின்றார். அந்த இரண்டு நாளும் மார்க்கரைத் தொடவேயில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சிவப்பு மச்சத்தை விட்டு விலகி மேலே சுருங்கியிருந்தது. இமை கீற்றாகத் திறந்தது. உள்ளே கருவிழி அங்கும் இங்கும் ஓடி, அண்ணனிடம் வந்து நின்றது. "அப்பா, பேனா" என்று அவர் சட்டைப் பையைக் காட்டினாள் வர்ஷினி. லோகப்பிரியா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணன் ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினார்.

திரும்பி வந்து, "அக்காளுக்கு அந்தப் போட்டோவக் காட்டோணும், போனக் குடு கண்ணு" என்றார். கண்ணு வந்துவிட்ட சந்தோஷத்தில் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். விரலால் தள்ளினார். மறுபடி தள்ளினார். ஜன்னல் கம்பி தெரிய ஒரு வர்ஷினி, கதவிடுக்கில் ஒரு வர்ஷினி, வாய் பிளந்து தூங்கும் வர்ஷினி. ஞாயிறு காலை ஆறே கால். ஏழு. எட்டரை. ஒன்பது.

"எதுக்குடா இத்தன?"

"ஸ்டேட்டஸ் வெக்கறதுக்குங்ணா. கிண்டலுக்கு."

"ஒரு ஸ்டேட்டஸுக்குப் பதினோரு போட்டோவா கண்ணு?"

நான் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தேன். அவர் போனைக் குப்புறத் திருப்பினார். பையிலிருந்து மார்க்கரை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, போனின் முதுகில், தன் வாளியில் போடுவது போலவே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கோடு போட்டு என்னிடம் நீட்டினார்.