கண்மாய்க்கு நீலம்

வலது கண்ணில் கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துவிட்டு, "எப்பம்மா நீலம் அடிச்சீங்க?" என்று நர்ஸிடம் கேட்டேன். "அது எப்பவுமே நீலந்தான் தாத்தா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். புரை விழுந்த கண்ணுக்கு நீலம்தான் முதலில் மங்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். இத்தனை நாள் எதையெதையெல்லாம் பழுப்பாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை. இடது கண் இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை.

நீலத்துக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு.

யுத்த காலத்தில், புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஆபீஸ் ஒன்றில், நில வரைபடங்களுக்கு வர்ணம் பூசும் வேலை எனக்கு. நஞ்சைக்குப் பச்சை, புஞ்சைக்கு மஞ்சள், கண்மாய்க்கு நீலம். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா, ஆடு மேய்கிறதா என்று வரைபடம் கேட்காது. ஒரு நாளைக்கு இருபது கண்மாயை உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வருண பகவானுக்கே அந்தச் சாமர்த்தியம் இருந்ததில்லை. சீமைக் கலர்ப் பெட்டி கிடைக்காத காலமாதலால் ஆபீஸ் நீலத்தில் கொஞ்சம் என் பெட்டிக்கும் வந்து சேர்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை தற்காலிகம்தான். திருச்சியில் நடக்கும் சித்திரப் பரீட்சையில் தேறினால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகிவிடலாம். அதில் நீர்வர்ணத்தில் இயற்கைக் காட்சி எழுதுவதுதான் என்னை இரண்டு தடவை கவிழ்த்திருந்தது. மூன்றாம் தடவையும் கவிழ்ந்தால் மாமனார் வீட்டுச் சோறுதான் கதி. அந்த வீட்டிலேயும் அந்த வருஷம் சோறு தாராளமில்லை.

மாமனார் ஊர் வல்லத்திராக்கோட்டை. சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி அலமேலுவோடு அங்கே போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கண்மாய்க் கரையில் பலகையும் காகிதமுமாக உட்காருவேன். அவள் பிரஷ் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

வானத்தை ஈரத்தோடு ஈரமாகப் பூசிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்கச் சொல்லியிருந்தது ஒரு சீமைப் புத்தகம். எழுதினவர் வல்லத்திராக்கோட்டை வெயிலைப் பார்த்ததில்லை. பிரஷ் காகிதத்தின் அந்த ஓரத்துக்குப் போவதற்குள் இந்த ஓரம் காய்ந்து, வானம் சாயம் போன வேட்டி மாதிரி திட்டுத் திட்டாக நிற்கும்.

"தண்ணிப் பானைக்கு ஈரச் சாக்கு சுத்துறோம்ல, அது மாதிரி காயிதத்துக்கு அடியில ஒரு சாக்க நனைச்சுப் போடுங்களேன்" என்றாள்.

சிரித்தேன். அடுத்த வாரம் அவள் மாட்டுக்கொட்டில் பக்கம் போயிருந்தபோது யாருக்கும் தெரியாமல் போட்டுப் பார்த்தேன். வானம் முழுசாக, ஒரே இழுப்பில் நின்றது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வானம் வந்துவிட்டது, கண்மாய்தான் வரவில்லை. அந்த வருஷம் மழை பொய்த்துக் கண்மாய் வெடித்துக் கிடந்தது. நான் எழுதிய படத்தில் மட்டும் கரை தொட்டு நீலம் நின்றது. கை அப்படிப் பழகிவிட்டது.

அலமேலு படத்தை எட்டிப் பார்த்தாள். "எங்கய்யா இதப் பாத்தா நாளைக்கே நாத்துப் பாவக் கெளம்பிருவாரு."

"படம்னா கொஞ்சம் அழகா இருக்கணும். ஒனக்கு என்ன தெரியும்?"

"நான் அழகாக் கேக்கல. அந்தா கெடக்கு பாருங்க, அதப் போடுங்க."

கோபத்தோடுதான் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, அதுவரை நான் கண்மாயைப் பார்த்ததே இல்லை என்று. காய்ந்த சேறு கறுப்பும் இல்லை, செம்மண் நிறமும் இல்லை. வெடிப்பின் விளிம்பில் வெளுத்த சாம்பல், உள்ளே கத்தரிப்பூ நிழல், நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம், அதில் ஒற்றைக் கொக்கு. ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை கெட்டுக் கெட்டு ஒரு நாள் அது காகிதத்தில் வந்தது. அலமேலு வெகுநேரம் பார்த்தாள். "இப்பத்தான் எங்க கண்மா" என்றாள். என் வாழ்நாளில் படம் என்று நான் எழுதியது அது ஒன்றுதான்.

மாமனாரிடம் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தெனம் கண்ணால பாக்குறது பத்தாதா மாப்ள? அந்தத் தண்ணிப் படத்தக் குடுங்க." நீலப் படத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார். பாவம், வேறெங்கே பார்ப்பார் தண்ணீரை.

பரீட்சைக்குச் சாக்குத் துண்டோடு போனேன். ஹாலில் சிரித்தார்கள். தலைப்பு, கிராமத்து ஏரி. வானம் அற்புதமாக வந்தது. வெடித்த சேறு ஒவ்வொரு கோடாக மனசுக்குள் இருந்தது. ஆனால் பட்டணத்துப் பரீட்சைக்காரர் ஏரியில் தண்ணீரைக் காணோமே என்று கேட்டால்? மூன்றாம் தடவை. பயந்துவிட்டேன். பிரஷ் நீலத்துக்குப் போயிற்று.

தேறிவிட்டேன். ஓடிவந்து சொன்னதும் அலமேலு கேட்டது ஒன்றுதான். "தண்ணி போட்டீங்களா?"

"போட்டேன்."

"நல்லதுங்க. சம்பளம் வரும்ல" என்று உள்ளே போய்விட்டாள். சண்டை ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரைக்குக் கூப்பிட்டதற்கு, "வேல கெடக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். நானும் போகவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷம், வகுப்பு வகுப்பாக, ஏரிக்கு நீலம் பூசச் சொல்லிக்கொடுத்தேன். அலுத்துப்போயிற்று. சேற்றுப் படம் அவள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்து, வீடு வீடாக மாறியதில் எப்போதோ கறையானுக்குப் போயிற்று. அலமேலு போய் ஆறு வருஷம் ஆகிறது.

போன வாரம் ஒரு விசேஷத்துக்காக மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் மாமனார் மாட்டிய அந்த நீலப் படம் இன்னும் தொங்குகிறது. புதுக் கண்ணுக்கு அது கூசியது, அவ்வளவு நீலம். வெட்கமாக இருந்தது. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன்.

புரை விழுந்த இடது கண்ணில் அந்தத் தண்ணீர் வற்றியிருந்தது. பழுப்பும் சாம்பலுமாக, கரை வரைக்கும் வெறும் சேறு.

"என்ன மச்சான், கண்ணு உறுத்துதா?" என்று கேட்டான் மச்சினன். இல்லை என்று தலையாட்டிவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் இடது கண்ணுக்கும் டாக்டர் நாள் குறித்திருக்கிறார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். அவரிடம் என்னவென்று சொல்வது?