கலங்கலில் கட்டிய சேலை

நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் அருமையாக வந்திருந்தது. சேலையைத்தான் காணோம்.

அப்போது நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் போட்டோகிராபர். பாஸ்போர்ட் படம், கல்யாணம், குழந்தைக்கு மொட்டை, இவ்வளவுதான் என் வித்தை. ஒரு பட்டுக்கடை முதலாளி வந்து, காலண்டருக்கு அருவிப் படம் வேண்டும், தண்ணீர் பட்டு மாதிரி விழ வேண்டும், பக்கத்தில் தம் கடைச் சேலை தெரிய வேண்டும் என்றார். அருவியெல்லாம் எனக்கு அத்துப்படி என்று அளந்துவிட்டேன். அதுவரை நான் பார்த்த பெரிய அருவி எங்கள் தெருக்குழாய்.

சேலையை ஊர் தாண்டி அனுப்ப முடியாது என்று அவர் சொன்னதால், முசரவாக்கம் பக்கம் ஒரு ஏரியின் கலங்கலைப் பிடித்தோம். மழையில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கல்சுவரில் வழிந்து விழுந்துகொண்டிருந்தது. கிட்டே போய் எடுத்தால் அருவிதான்.

தண்ணீர் பட்டு மாதிரி வர ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். பகலில் அப்படித் திறந்தால் படம் வெளுத்துப் போகும். அதற்குத்தான் என்.டி. பில்டர். லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருந்தது எட்டு மடங்கு வெளிச்சத்தைக் குறைக்கும். ஒரு செகண்ட் திறந்தேன். மரக்கிளையில் தொங்கவிட்ட சேலை காற்றில் ஆடியதை நான் கவனிக்கவில்லை. தண்ணீரையே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

சேலையை நெய்தவரின் மனைவி சரோஜா, நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்காரர். கடையில் ஒப்படைக்கும் வரை சேலை அவர்கள் பொறுப்பு என்பதால் கூடவே வந்திருந்தார். ஸ்டுடியோவில் பிரிண்டைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது இன்னாண்ணா, பார்டரா பாசியா? எங்க வூட்டுக்காரரு இருவது நாள் உக்காந்து நெஞ்சது. ஒரு செகண்டுல பாசியாக்கிட்டீங்களே."

ஸ்டுடியோ ஓனர் கெடு வைத்தார். மூன்று நாளில் படம் அச்சகத்துக்குப் போகாவிட்டால் கடைக்காரர் மெட்ராஸில் எடுத்துக்கொள்வாராம். "படம் மெட்ராஸ் போச்சுன்னா நீயும் கூடவே கெளம்பிடு" என்றார்.

மறுநாள் போனால் மழை நின்று, கலங்கலில் தண்ணீர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சரோஜா உட்காரவில்லை. கையோடு இரண்டு மூங்கிலும் கயிறும் கொண்டுவந்திருந்தார். நெய்வதற்கு முன் தெருவில் நூலை நீளமாக இழுத்துப் பாவு கட்டுவது போல, சேலையின் இரு முனையையும் மூங்கிலில் சுற்றி எதிரெதிராக இழுக்கச் சொன்னார். நான் இழுத்த லட்சணத்தைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேனா என்று விசாரித்தார். கடைசியில் மூங்கிலை ஊன்றிக் கட்டியபோது பார்டர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நின்றது. காற்று அடித்தது. அசையவில்லை.

சேலை நின்றுவிட்டால் ஷட்டரை இன்னும் அதிக நேரம் திறக்கலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரம் நீண்டால் மெலிந்த தண்ணீரும் இடைவெளியை நிரப்பிக்கொண்டு கனமாகத் தெரியும். இரண்டாவது பில்டரையும் மாட்டினேன். எட்டும் எட்டும் பதினாறு என்று கூட்டினேன். நல்லவேளை, ஷட்டரைத் திறக்கும் கேபிளை அழுத்துவதற்குள் பெருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. நேற்றைய ஒரு செகண்டுக்கு எட்டு மடங்கு, அதாவது எட்டு செகண்ட். நேரம் நீண்டால் பிலிம் வெளிச்சத்தை வாங்கச் சோம்பல்படும், அதற்கு இன்னும் இரண்டு. சத்தமாக எண்ண ஆரம்பித்தேன்.

"மனசுக்குள்ள எண்ணுங்கண்ணா. நீங்க எண்ணச்சொல்ல கேமரா ஆடுது."

ஊரில் எல்லோரையும் மூச்சைப் பிடிக்கச் சொன்னவன், அன்று நான் பிடித்தேன்.

மூன்றாம் நாள் கடை முதலாளி பிரிண்டை மேஜையில் வைத்து, பார்டர் மேல் விரலை ஓட்டினார். முந்தானைக்கு வந்தார். திரும்பவும் பார்டருக்குப் போனார். என் வேலை அந்த விரல் நுனியில் தொங்கியது. அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"தண்ணிகூட நல்லாத்தான் இருக்குதுபா."

பில்டர் வாங்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீர் எப்படியும் ஓடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். படத்தில் எது நிற்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அதை நிற்க வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், வாயை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடியுங்கள்.