மேளத்துக்காகப் பேசிய ஞானமுத்து

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அச்சகத்துக்குத் திரும்பினேன். ஞானமுத்துவின் தம்பி பொன்னையா வாசலில் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். "அண்ணன் காலையிலே போயிட்டாங்க, மரைக்காயரே. தூக்கத்திலேயே" என்றார். உள்ளே அழைத்து உட்காரவைத்தேன்.

ஞானமுத்து சென்னையில் சரித்திரம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றவர், இங்கே மிஷன் பள்ளியில் ஆசிரியர். மாலை வேளைகளில் அவர் ஆராய்ந்து எழுதிவந்தது ஒரே விஷயம்தான்: ஒருவன் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பதில் அரசாங்கத்துக்கு என்ன பாத்தியதை? அந்தக் காலத்து இங்கிலாந்தில் அரசாங்கத் தேவாலயத்துக்கு வர மறுத்துச் சிறைக்குப் போனவர்களின் கதைகளை, என் அச்சகத்தில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுச் சங்கதிபோலச் சொல்வார். "சர்க்கார் பூசாரி வேலை பார்க்க வேணாம், மரைக்காயரே. தெருவைப் பார்த்துக்கிட்டாப் போதும்" என்பார்.

சிராங்கூன் ரோட்டில் மாட்டுக்கொட்டகைக்காரர்கள் எடுக்கும் அம்மன் ஊர்வலம், அவரை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் வர இருந்தது. ஆராதனைக்கு இடைஞ்சல் என்று, அதே ரோட்டில் இருக்கும் அவர் சபையின் தேவாலயக் கமிட்டி கொதித்தது. அந்த வழியில் ஊர்வலமே கூடாது எனப் போலீஸ் துரைக்கு மனு எழுதித் தரும்படி ஞானமுத்துவைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார்.

"உமக்கு வேலை கொடுத்தது இந்தச் சபை. மறந்துடாதீர்" என்றார் பாதிரியார்.

"மறக்கலை, ஐயா. ஆனா இன்னைக்கு அவங்க மேளத்தை நிறுத்தச் சர்க்காரை நாம கூப்பிட்டா, நாளைக்கு நம்ம மணியை நிறுத்த வேற யாராவது கூப்பிடுவாங்க."

அன்று மாலை அவர் என்னிடம் வந்தார். குழந்தைகள் சிறியவர்கள். "வேலை போனா உங்க அச்சகத்திலே புரூஃப் பார்க்க இடம் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். மறுநாள் நேரே கொட்டகைக்குப் போய் ஊர்வலத் தலைவர் கோவிந்தசாமியைப் பார்த்தார். நானும் கூடப் போனேன்.

"மேளத்தை நிறுத்தச் சொல்ல வந்தீங்களா?"

"இல்லை. தேவாலய மதில் தாண்டுற வரைக்கும் நீங்களா நிறுத்துவீங்களான்னு கேட்க வந்தேன்."

கோவிந்தசாமி யோசித்தார். "போலீஸ் சொன்னா நிறுத்த மாட்டோம். நீங்க கேட்கிறீங்க, நிறுத்துறோம்."

இதைக் கேட்ட கமிட்டி, நடப்பதைப் பார்த்துவிட்டு மனுக் கொடுக்கலாம் என்று ஒத்திவைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எதிர்ச்சாரியில் நின்றேன். மதிலருகே வந்ததும் மேளம் நின்றது. ஊர்வலமும் நின்றுவிட்டது. மேளமில்லாமல் அம்மன் நகரக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். ஒத்துக்கொண்டபோது கோவிந்தசாமிகூட அதை யோசிக்கவில்லை. ஆராதனை முடியும்வரை காத்திருப்பதாகச் சொல்லி, வெயிலில் சத்தமில்லாமல் நின்றார்கள். உள்ளேயிருந்து பாதிரியார் சன்னல் வழியாக அதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவு சுருக்கமான பிரசங்கத்தை அந்தச் சபை அதற்குமுன் கேட்டதே இல்லை! வெளியே வந்து, "போங்கப்பா, வெயில் ஏறுது" என்று அவரே கையசைத்தார். மேளம் அதிர்ந்தது. மனு போகவில்லை; ஞானமுத்துவின் வேலையும் போகவில்லை.

ஊருக்காக வாதாடியவருக்கு வீட்டிலும் ஒரு சோதனை வந்தது. பொன்னையா சபையை விட்டு விலகிச் சைவரானார். ஞானமுத்து இரண்டு வேளை சாப்பிடவில்லை. "நெஞ்சு வலிக்குது, மரைக்காயரே. ஆனா என் வலி அவனுக்குக் கட்டளையாகக் கூடாதே" என்றார். அடுத்த ஞாயிறு தம்பியை அவரே சாப்பாட்டுக்கு அழைத்தார். திருநீறோடு வந்த தம்பியைத் தம் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறச் சொன்னார். கடைசிவரை அந்த வழக்கம் மாறவில்லை.

அவர் புத்தகம் சென்ற வருஷம் என் அச்சகத்திலேயே வெளியானது. அச்செழுத்துக் கோத்து முடித்த ஒரு பக்கத்தைக் கலைக்கச் சொன்னார். இங்கிலாந்தில் தேவாலயத்துக்கு வர மறுத்தவர்களைச் சிறையில் தள்ளிய நீதிபதிகளைப் பற்றிய பக்கம் அது. "அவங்க வாதத்தைக் கேலி பண்ணிட்டேன். அவங்களே படிச்சாலும், 'ஆமா, இதைத்தான் சொன்னோம்'னு ஒத்துக்கணும். அப்புறம்தான் மறுக்கணும்" என்றார். புதிதாக எழுதித் தந்தார். புத்தகம் கைக்கு வந்த அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவை நீங்களும் பார்த்தீர்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான். நேற்று பள்ளிவாசல் கமிட்டியில் ஒருவர் பேச்சை மறுக்க எழுந்தேன். முதலில் அவர் தரப்பை அவருக்காக நானே சொன்னேன். அவர் தலையாட்டினார். சொல்லி முடித்தபோது, மறுப்பதற்குப் பாதிதான் மிச்சமிருந்தது.