ஆபீஸ்காரனுக்கு ஒரு பங்கு

குடிகாரன் வருகிற கதை எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்த வீட்டுக்கு மீன் யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான். சிரிக்காதீர்கள். இன்றைய நாவல்கள் குடிப்பவனின் மனத்துக்குள் எவ்வளவோ தூரம் போய்விட்டன. அவனுடைய நடுக்கமும் பொய்யும் அவமானமும் அச்சு அசலாக வருகின்றன. ஆனால் அவனைச் சுற்றி இருக்கும் ஊர் மட்டும் பெரும்பாலும் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறது. எங்கள் தெரு அப்படி நிற்கவில்லை. அந்த நன்றியில்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுவிலக்கு தளர்ந்து சாராயக்கடைகள் திறந்த காலம். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர், நன்றாகப் பாடுவார், எதிரில் இருப்பவரைச் சிரிக்க வைக்காமல் பேச்சை முடிக்க மாட்டார். கடை திறந்த பிறகு இவையெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. விடியற்காலையில் வள்ளம் இறங்கும் நேரத்தில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார்.

எங்கள் வள்ளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த மீனை ஏலம் விடுவதற்கு முன்பே, ஒவ்வொருவர் வீட்டுக் குழம்புக்கும் என்று கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவார்கள். அதைக் கறிமீன் என்போம். காய்ச்சலில் படுத்தவனுக்கும் அது உண்டு. வள்ளத்தில் ஒருவனுக்கு இடம் இருக்கும்வரை அவன் வீட்டுக்குக் கறிமீன் வரும். நின்றுவிட்டால் இடம் போய்விட்டது என்று அர்த்தம், வாயால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா போதையில் கிடந்த நாட்களிலும் எங்கள் வீட்டுக்குச் சாளையும் பாரையும் வந்துகொண்டுதான் இருந்தன. காய்ச்சல் என்று அம்மா சொல்வாள். அப்படி ஒரு காய்ச்சல் உலகத்தில் கிடையாது என்று தெரிந்தும் தலையாட்டிக்கொண்டே கொடுத்தார்கள்.

ஒரு நாள் அப்பா குடித்துவிட்டே வள்ளம் ஏறி, வலை இழுக்கும்போது கடலில் விழுந்தார். மற்றவர்கள் வலையை விட்டுவிட்டு அவரைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். மறுநாள் கறிமீன் வரவில்லை. வள்ளத்துக்குத் தலைவரான மண்டாடி, அப்பாவின் இடத்தில் இப்போதைக்கு என்று வேறொருவரை ஏற்றியிருந்தார். அம்மா போய்க் கேட்டதற்கு, ஆள் தெளியட்டும், பிறகு பார்ப்போம் என்றாராம். குடித்துவிட்டுக் கடலில் விழுந்தவரை வேறு எந்த வள்ளத்திலும் சேர்க்க மாட்டார்கள். இந்த இடமும் போனால் அப்பாவுக்குக் கடல் இல்லை. கடல் இல்லாவிட்டால் அவர் சாராயக்கடையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா அவரை மணப்பாட்டுக் கோவிலுக்கு இழுத்துப்போய், திருச்சிலுவைக்கு முன்னால் முழங்காலிட வைத்து, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினாள். திரும்பி வந்தவர் பாயில் சுருண்டு கிடந்தார். கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை, யாருடனும் பேச்சில்லை. வெளியே வந்தால் கால் தானாகக் கடைக்குப் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ, வாசல் பக்கமே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாரப்பத்திரிகையில் குடிகாரனைப் பற்றிய தொடர்கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் சென்னையில் ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவன். பத்திரிகை நாலைந்து வீடு சுற்றி ஞாயிற்றுக்கிழமை எங்கள் கைக்கு வரும். அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து சாப்பாடும் ஆனபிறகு படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் முன்னறையில் கூடுவார்கள். பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் உரக்கப் படிப்பேன். மண்டாடியின் மனைவியும் தவறாமல் வருவார். அப்பா படுத்திருந்த அறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான்.

அந்தக் காலத்துக் கதைகளில் குடிகாரனுக்கு இரண்டே வழி. மனைவியின் கண்ணீரில் திருந்த வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். கதை முடிந்த ஞாயிறன்று, பாதியைப் படிக்கும்போதே என் கண் கடைசிப் பத்திக்கு ஓடிவிட்டது. எல்லோரும் கைவிட்ட அந்த மனிதன் சாக்கடையோரம் செத்துக் கிடக்கிறான்; வழியில் போகிறவர்கள் விட்டது சனியன் என்கிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா இருமுவது கேட்டது. அதை என்னால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை.

படிப்பதுபோலவே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் மெல்ல எழுந்து வீட்டுக்குப் போனான் என்றேன். மனைவி கதவைத் திறந்தாள் என்றேன். அதற்குமேல் ஓடவில்லை. ஒரு வீடு கைவிடப்படவில்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான். குசினியில் அடுப்பு எரிந்தது, அவன் பங்குக் கறிமீன் குழம்பில் கொதித்தது, முற்றும் என்று முடித்துவிட்டேன்.

மண்டாடியின் மனைவிதான் முதலில் கேட்டார்.

"ஏளா, அவன் மெட்ராஸ்ல ஆபீஸ்ல வேல பாக்கவம்லா. அவனுக்கு எந்த வள்ளத்துல பங்கு?"

அப்போது திரைக்குப் பின்னால் அப்பா சிரித்தார். இருமலும் சிரிப்புமாக, அடக்க மாட்டாமல் சிரித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. முன்னறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மண்டாடியின் மனைவி சற்று நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, எழுந்து போனார். நான் பத்திரிகையை என் துணிப்பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் மதியம் வள்ளம் கரை சேர்ந்தபின் மண்டாடியின் மனைவியே ஓலைப்பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். பெட்டி நிறையச் சாளை. ஆள் தெளிந்துவிட்டார் என்று கேட்டதும், நாளைக்கு விடியுமுன்னே அப்பாவை வள்ளத்துக்கு வரச் சொல்லிவிட்டார் மண்டாடி என்றார். அவ்வளவுதான், உபதேசம் ஒன்றும் கிடையாது.

பிற்பாடும் அப்பா இரண்டொரு தடவை தவறினார். கதையென்றால் அங்கேயே அவரைக் கொன்றிருப்பார்கள். வள்ளத்துக்காரர்கள் திட்டினார்கள், கரையில் உட்காரவைத்தார்கள், மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மீனை அதன்பிறகு அவர்கள் நிறுத்தியதே இல்லை. கடைசி வருஷங்களில் அவர் தெளிந்த மனிதராக இருந்தார் என்றால் அதில் சிலுவைக்கு ஒரு பாதி, அவர்களுக்கு ஒரு பாதி. அந்தத் தொடர்கதைக்காரருக்கும் என் நன்றி உண்டு. அவர் ஆபீஸ்காரனைக் கொன்றிருக்காவிட்டால் நான் கதை சொல்லவே தொடங்கியிருக்க மாட்டேன்.

ஓலைப்பெட்டி வந்த அன்று மதியம் அப்பா திரையை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கையை நீட்டி அந்த ஓலைப்பெட்டியை அவரே வாங்கினார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்து, என் முன்னால் வைத்தார்.

"செத்துப்போன ஆபீஸ்காரனுக்குப் பங்கு வந்துருக்குளா. கொழம்பு வையி."

துணிப்பெட்டிக்கு அடியில் இருந்த பத்திரிகையை அவர் எப்போது எடுத்துப் படித்தார் என்று நான் கேட்கவில்லை. மீனைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.