பெரிய வெள்ளியில் அடித்த மணி

கட்டையில் கட்டை மோதும் வறட்டு ஓசை கேட்டாலே என் கண் இன்றும் வானத்தைத் தேடும். இயேசுவின் சாவுக்குத் துக்கமாக, பெரிய வியாழன் பூசையோடு எங்கள் கோயில் மணி ஓய்ந்துவிடும். உயிர்ப்புப் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடும்வரை மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். மணிக்கயிற்றை எவரும் தொடாதபடி உயரத் தூக்கி இறுக்கி முடிச்சுப் போடுவது, கோயிலைக் கவனித்துவந்த சவரிமுத்து மூப்பரின் வேலை. மனிதர் அதில் மகா கண்டிப்பு.

ஆனால் போர்க்காலத்தில், புதுக்குடியிருப்புப் பக்கத்து எங்கள் சின்ன ஊரில், அந்த மணிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. குண்டு போடும் ‘கிபிர்’ விமானம் தினமும் சுற்றும்; ஒவ்வோர் இரைச்சலுக்கும் ஓடினால் அடுப்பில் உலை கொதிக்காது. அது தாழப் பதிந்து வருவதை மேட்டிலிருந்த கோயிலிலிருந்து கண்டு மணியடித்தால்தான் ஊர் ‘பங்கர்’ குழிகளுக்குள் பாயும்.

அந்தப் பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட அம்மாவோடு வரிசையில் நின்றேன். காய்ச்சலில் கிடந்த தம்பியோடு அப்பா வீட்டில் இருந்தார். கிபிர் பதிந்தது. மூப்பர் மரக்கட்டையைத் தட்டினார். அந்தச் சத்தம் கோயில் வாசலைக்கூடத் தாண்டியிராது.

“மணியை அடியுங்கோ மூப்பர்! என்ர பிள்ளை வீட்டில கிடக்கிறான்!” என்று அம்மா கத்தினார்.

“இண்டைக்கோ? ஆண்டவர் செத்துக் கிடக்கிறார் தங்கச்சி, அடிக்கேலாது.”

அம்மா அவர் கன்னத்தில் பளாரென்று அறைந்தார். கோழியைக்கூட அதட்டி விரட்டத் தெரியாத என் அம்மா! பாய்ந்து ஒரு வாங்குப் பலகையில் ஏறி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்ததில் உதடு கிழிந்து இரத்தம் வடிந்தது. மலைத்து நின்ற மூப்பர், பிறகு தானே வந்து முடிச்சை அவிழ்த்து, என்னைக் காட்டி, “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பங்கருக்குள்ள போ, நான் அடிக்கிறன்” என்று அம்மாவைத் தள்ளிவிட்டார்.

மணி அடித்தது, அடித்துக்கொண்டேயிருந்தது. முதல் குண்டு எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் விழுந்தது. அடுத்தது கோயில் முகப்பில். நானும் அம்மாவும் கோயில் பங்கரிலிருந்து மண்ணை உதறிக்கொண்டு வெளியே வந்தபோது மணி பிளந்து கிடந்தது. கயிற்றோடு ஒரு கை மட்டும் கிடந்தது. எங்கள் வீடு நின்ற இடத்தில் புகைதான் இருந்தது. மணி கேட்டதும் பங்கருக்குள் குதித்த அப்பாவும் தம்பியும் உயிரோடு வந்தார்கள். அம்மா தம்பியைத் தூக்கவில்லை. அறைந்த கையை நிலத்தில் அடித்து அடித்துக் கதறினார்.

இப்போது புதுக்கோயில், மணியோசை ஒலிபெருக்கியில் வருகிறது. பங்கர்கள் தூர்ந்து அந்த இடங்களில் கச்சான் கடலை விளைகிறது. சுவாமியார் அருளைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. என் தம்பிக்குக் கிடைத்த அருள் மூப்பருக்கு ஏன் கிடைக்கவில்லை? செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டே கடவுளோடு சண்டை போடுகிறேன்.

இந்த உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

“அம்மா, செத்தவை எழும்புவினம் எண்டு உண்மையா நம்புறீங்களோ?”

“நம்பாமல்? அந்த மனுசனிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேக்கேல்லையடி.”