முதல் பாதி

எங்கள் இருவருக்கும் இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் புளத்கொகுபிட்டியவில் ரப்பர் பால் வெட்டுபவர். இருமல் வந்தால், தையல் வலிக்காமலிருக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். கடைத்தெருச் சிங்களம் அவருக்கு விளங்கும். டாக்டர் பேசும் சிங்களம் விளங்காது. அதை நான்தான் தமிழில் சொல்வேன்.

“இந்தக் காய்ச்சல் ஆபரேஷனுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, அடங்கிவிடும். வீட்டுக்குப் போனபின் வந்தால் உடனே வர வேண்டும்” என்றார் டாக்டர். மிரண்டுபோயிருந்த அவர் முகத்தைப் பார்த்து, முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

வீடு திரும்பியபின் வந்த கிளினிக் நாளில் தலையணையோடு வந்திருந்தார். நாலு நாளாகக் காய்ச்சல், தையலில் சீழ். ஏன் உடனே வரவில்லை என்று நர்ஸ் ஏசினார்.

“தானா அடங்கிரும்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லுங்கய்யா.”

“இவருக்குச் சரியாக விளங்கவில்லை” என்றேன், சிங்களத்தில்.

அந்தச் சிங்களம் அவருக்கு விளங்கும். தலையணையை அணைத்துக்கொண்டார். இருமல் வரவில்லை.